உமியோடு ஒரு கை வரகு

செத்தவர்கள் இருந்த இடம் அடிக்கு அடி தெரிந்தது. உயிரோடு இருந்தபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. ஆத்மநாதனின் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு தலைவலியிலேயே போயிற்று.

புதுக்கோட்டைச் சீமையில் எந்தப் பொட்டலில் மண்வெட்டியைப் போட்டாலும் ஒரு தாழியின் விளிம்பில் ணங்கென்று இடிக்கும். அன்னவாசலைச் சுற்றி, குன்றாண்டார்கோவில் பக்கம், அரிமளம் காட்டில், எங்கு பார்த்தாலும் செம்புறாங்கல் வட்டங்கள். வட்டத்துக்குள் இடுப்பளவு உயரச் சாடிகள். சாடிக்குள் எலும்பு. எல்லாம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இடுகாடுகள். இத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் எங்கேயாவது குடியிருந்திருக்க வேண்டும் அல்லவா? அடுப்பு மூட்டியிருப்பார்கள், பிள்ளை பெற்றிருப்பார்கள், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டிருப்பார்கள். அந்த ஊரைத்தான் காணோம். ஓர் அடுப்புக்கல்லோ மெழுகிய தரையோ ஆத்மநாதன் கண்ணில் படவில்லை.

1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. சமஸ்தானத்தில் தொல்பொருள் உதவியாளராக இருந்தவர், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சென்னை சர்க்காரின் ஊழியரானார். ரப்பர் முத்திரை மாறியது, மேலதிகாரி மாறினார். புதிய மேலதிகாரி சென்னையிலிருந்து எழுதிய முதல் கடிதத்திலேயே, "சவக்குழிகள் போதுமான அளவு கிடைத்துவிட்டன, வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். ஆத்மநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவரும் அதைத்தானே இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

1950-ல் மழை பொய்த்தது. அன்னவாசலுக்குத் தெற்கே கரட்டுப்பொட்டல் என்ற சின்ன ஊரில் தோண்டுவதற்கு ஆள் கேட்டதும், வயலில் வேலையற்றுக் கிடந்த ஜனம் திரண்டு வந்தது. அதில் ஒருத்தி செவந்தி. இருபத்தைந்து வயது இருக்கும். மண்கூடை சுமக்க வந்தவள், இரண்டே நாளில் மண் நிறம் மாறுகிற இடத்தை ஆத்மநாதனுக்கு முன்னால் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். "ஐயா, இங்கிட்டு மண்ணு மெத்துனு இருக்கு" என்பாள். அங்கே கொத்துக்கரண்டியைப் போட்டால் தாழி இருக்கும். சாயங்காலம் பள்ளத்தின் மேல் கீற்றுத் தட்டியைப் போட்டு, நாய் நரி இறங்காமல் முள் வைத்து மூடும் பொறுப்பை அவர் அவளிடமே கொடுத்திருந்தார்.

தாழிகளைப் பற்றி ஆத்மநாதனைவிட ஊராருக்கு நிறையத் தெரியும். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயதாகி வயதாகி உடம்பு குறுகி, பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிவிடுவார்களாம். வைத்துப் பார்க்க முடியாத பிள்ளைகள் அவர்களை உயிரோடு ஒரு சாடியில் உட்கார்த்தி, பக்கத்தில் ஒரு கலயத்தில் சோறும் வைத்து, மேலே கல்லைப் போட்டு மூடிவிடுவார்களாம். ஆத்மநாதன் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தில் 'உள்ளூர்க் கட்டுக்கதை' என்று ஒரு வரி எழுதியதோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினேழாம் நம்பர் தாழியின் மூடுகல்லை ஆறு பேர் சேர்ந்து நெம்பித் தள்ளினார்கள். உள்ளே ஒரு சாண் மண்ணை அள்ளியதும் கறுப்பும் சிவப்புமாக ஒரு சின்னக் கலயம் தெரிந்தது. மூடி போட்டபடி, உடையாமல், முழுசாக இருந்தது. மூடியின் விளிம்பில் நகக்கண் அளவு ஒரு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தது.

இலாகாவில் படம் வரைபவர் ஜைனுதீன். அன்னவாசல்காரர், ஆத்மநாதனுக்கு எட்டு வயது மூத்தவர். ஒரு பானையை வரையச் சொன்னால், அதன் மேல் எறும்பு ஊர்ந்தால் அந்த எறும்பையும் வரைந்துவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைப்பார். பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கலயம் இருந்த இருப்பை அப்படியே தாளில் இறக்கினார். அதற்குள் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"மீதிய நாளைக்குக் காலை வெளிச்சத்துல முடிச்சிருவோம் சார். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஆத்மநாதனும் கலயத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பள்ளத்தைப் பார்க்கப் போனார்.

சனிக்கிழமை காலை ஜைனுதீன் இன்னொரு படம் வரைந்த பிறகு, கலயத்தை மூடியோடு தூக்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். ஆட்கள் முன்னால் திறந்தால் புதையல் என்று கிளப்பிவிடுவார்கள் என்ற பயம். உள்ளே ஆத்மநாதனும் ஜைனுதீனும் மட்டும். ஆத்மநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை எடுத்தார். புழுதியோடு புழுதியாக ஒரு கைப்பிடி வரகு கிடந்தது.

அவர் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மனிதர் ஒன்றும் ஏமாளி இல்லை. தானியம் மண்ணுக்குள் மக்கிப்போகும், கரிந்த தானியம்தான் இத்தனை காலம் நிற்கும் என்பதெல்லாம் அவர் படித்ததுதான். ஆனால் எகிப்துக் கல்லறைகளில் கோதுமை அப்படியே கிடைக்கவில்லையா? இந்த மூடி எவ்வளவு இறுக்கம், மேலே எவ்வளவு பெரிய கல், செம்புறாங்கல் பூமி எவ்வளவு வறட்சி! காரணங்கள் கூப்பிடாமலே வந்து வரிசையில் நின்றன. வரகு இருந்தால் உழவு இருந்திருக்கும். உழுதவன் விளைச்சல் வரும்வரை ஓரிடத்தில் குந்தியிருக்க வேண்டும். அப்படியானால் ஊர் இருந்தது. கிட்டத்திலேயே எங்கோ இருந்தது.

அன்று மாலை ஜைனுதீன் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நேற்று வரைந்ததில் மூடியில் சில்லு பெயர்ந்த இடம் கிழக்கே பார்த்திருந்தது. இன்று காலை வரைந்ததில் தெற்கே பார்த்திருந்தது.

"நேத்து தப்பா வரைஞ்சிட்டீங்க" என்றார் ஆத்மநாதன்.

"பாத்ததத்தான் சார் வரைஞ்சேன்."

"அப்ப மூடி தானாவே திரும்பிக்கிச்சா? ஜும்மாவுக்குப் போற அவசரத்துல வரைஞ்சிருப்பீங்க. நேத்துப் படத்தத் திருத்திருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

ஜைனுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆத்மநாதனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எதுவும் ஏறாது என்று தெரிந்ததோ என்னவோ, ரப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வரகு ஆத்மநாதனைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கல்கத்தாவில் ஒரு தாவரவியல் பேராசிரியர் நாலு மணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சந்தேகமில்லாமல் வரகுதான் என்று எழுதினார். அது எந்த வருஷத்து வரகு என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆத்மநாதனின் கட்டுரை ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள். கரியாத தானியம் இத்தனை வருஷம் நிற்குமா என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்ட கிழவர் ஒருவரை, எகிப்தைக் காட்டி உட்கார வைத்தார். கைதட்டல் கிடைத்தது.

பதின்மூன்று வருஷம் அவர் அந்த ஊரைத் தேடினார். தாழிக்காட்டைச் சுற்றி நாலு மைலுக்குள் உழவு நிலம் எங்கே இருந்திருக்கும், தண்ணீர் எங்கே, மேடு எங்கே என்று வரைபடம் போட்டுப் போட்டுப் பள்ளம் எடுத்தார். கிடைத்த ஓட்டாஞ்சில்லையெல்லாம் வரகு உண்டவர்களின் வீட்டுச் சட்டி என்று நம்பினார். கடைசியில் அதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக எழுதினார். 1963-ல் அது சென்னையில் அச்சாகிக்கொண்டிருந்தது. அது வெளியானதும் அவரைக் கண்காணிப்பாளராக உயர்த்தி மதுரைக்கு அனுப்புவது என்று பேச்சு நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் பம்பாயிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த எதைக் கொடுத்தாலும், அது செத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்கிட்டுச் சொல்லும் ஆய்வுக்கூடம் அங்கே வந்திருந்தது. வரகை அனுப்பினால் வயது சொல்கிறோம் என்றார்கள். ஆத்மநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி: பள்ளம் எப்போதாவது ஆளில்லாமல் விடப்பட்டதா? ஆம் எனில் மூடியவர் யார்? அவரது சான்று இணைக்கப்பட வேண்டும்.

வேறு ஆளாக இருந்தால் 'இல்லை' என்று ஒரு கோடு போட்டு அனுப்பியிருப்பார். ஆத்மநாதன் படிவத்துக்குப் பயப்படுகிறவர். ஜீப்பை எடுத்துக்கொண்டு கரட்டுப்பொட்டலுக்குப் போனார்.

செவந்தி கடலைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கியிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

"ஐயா, நல்லாருக்கீங்களா? தலை இம்புட்டு நரைச்சுப் போச்சே! பாய் நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காரும்மா. ஒரு கைநாட்டு வேணும், அதுக்குத்தான் வந்தேன். பதினேழாம் நம்பர் தாழி ஞாபகம் இருக்கா? சின்னக் கலயம் ஒண்ணு மூடியோட இருந்துச்சே?"

"இல்லாம?"

"அன்னைக்குச் சாயங்காலம் பள்ளத்த மூடுனது நீ. காலையில நாங்க வர்ற வரைக்கும் அந்தக் கலயத்த யாரும் தொடலைன்னு நீ சொல்லணும். அவ்வளவுதான்."

செவந்தி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யாரும் தொடலைன்னு எப்புடிங்கய்யா சொல்றது? நானே தொட்டேனே. நாந்தானே வாய்க்கரிசி போட்டேன்."

ஆத்மநாதன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என்ன போட்ட?"

"வாய்க்கரிசி." அவள் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மனசு கேக்கலைங்கய்யா. சாகாமக் கெடந்தவுகள உசுரோட உள்ள வச்சு, சோத்தையும் வச்சு மூடிப்புடுவாகன்னு எங்க மாமியா சொல்லும். தட்டிய மூடப் போனப்ப அந்தக் கலயத்தத் தொறந்து பாத்தேன். வழிச்சுத் தின்ன மாதிரி காலியா இருந்துச்சு. சோறு தீந்த பெறகுதானே உசுரு போயிருக்கும்? போன பெறகு வாய்க்கரிசி போட யாரு இருந்தா? உசுரோட வச்சு மூடுனவன் திரும்ப வந்தா பாத்திருப்பான்? அப்புடியே வெறும் வாயோட கெடந்திருக்காக இத்தன காலமா. அந்த வருசம் வீட்டுல அரிசி ஏது? வெதைக்கு வச்சிருந்த வரகுல ஒரு கை அள்ளியாந்து போட்டு மூடுனேன்."

"உமியோடயா?" என்று கேட்டார் ஆத்மநாதன். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"குத்திப் போட நேரம் எங்க இருந்துச்சு? பொழுது எறங்கிருச்சு. அந்தக் காலத்து ஆளுகளுக்கு ஒரலும் ஒலக்கையும் தெரியாமலா இருக்கும்?"

வெயில் சுள்ளென்று அடித்தது. விதைக்கு வைத்திருந்த வரகு. 1949-ல் விளைந்த வரகு. கல்கத்தாப் பேராசிரியர், மாநாடு, கைதட்டல், வரைபடம், பதின்மூன்று வருஷம். தலை சுற்றுகிறது என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். செவந்தி பதறிப்போய்த் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"என்னங்கய்யா ஆச்சு? போட்டது தப்பா?"

"தப்பில்லம்மா. அந்த வரகு இப்ப எங்கிட்ட இருக்கு. அதான்."

"ஒங்ககிட்டன்னா?"

"மறுநாள் காலையிலயே எடுத்துட்டேன். ஒரு கண்ணாடிக் குழாயில போட்டு வச்சிருக்கேன்."

செவந்தியின் முகம் மாறியது. அவர் எதிர்பார்க்காத மாற்றம் அது. "எடுத்துட்டீகளா? செத்தவுக வாயில போட்டத எடுத்துட்டீகளா?" என்றாள். "கலயத்தோட வண்டியில ஏத்துனீங்க. அவுக எங்க போனாலும் அது கூடவே போகும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன் இத்தன வருசமா. அன்னைக்கு ராத்திரி ஒருநாதான் அவுககிட்ட இருந்துச்சா?"

தன் பிழைப்பு போயிற்று என்று உட்கார்ந்திருக்கிறவரிடம் இவள் வேறு எதையோ கேட்கிறாள் என்று ஆத்மநாதனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அந்த எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை.

"கைநாட்டு எங்க வேணாலும் வைக்கிறேன். அத அவுககிட்டத் திருப்பிப் போட்ருங்க."

"முடியாதும்மா. ரிஜிஸ்டர்ல ஏறிருச்சு. சர்க்கார் சொத்து. விலைமதிக்க முடியாததுன்னு நானே எழுதி வச்சிருக்கேன்."

"வெதை வரகு எப்புடிங்கய்யா சர்க்கார் சொத்தாகும்?" என்றாள் செவந்தி. அவர் கைநாட்டு வாங்காமலே திரும்பினார்.

அலுவலகத்துக்கு வந்ததும் பழைய பைலைத் தேடி எடுத்தார். வெள்ளிக்கிழமைப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். தெற்கே பார்த்திருந்த சில்லுக்குப் பக்கத்தில், கிழக்கே, அழித்த பென்சில் கோட்டின் தடம் பளிச்சென்று தெரிந்தது. மூடியை யாரோ திறந்து திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதற்கான சாட்சி பதின்மூன்று வருஷமாக அவருடைய பீரோவிலேயே இருந்திருக்கிறது. அதை அழிக்கச் சொன்னதும் அவரே.

ஜைனுதீனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். "நீங்க வரைஞ்சதுதான் சரி" என்றார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

ஜைனுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிக்கச் சொன்னீங்க, அழிச்சேன். ஆனா அழுத்தி அழிக்கல சார்."

செவந்தி சொன்னதை ஆத்மநாதன் சொன்னார். ஜைனுதீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நாலு நாள் ஆத்மநாதன் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது. ஆராய்ச்சிக்கு வரகு போதாது என்று பம்பாய்க்கு எழுதினால் முடிந்தது. புத்தகம் வரும், மதுரை வரும். செவந்தி எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையைப் படிக்கப் போகிறாள்? ஜைனுதீன் பதின்மூன்று வருஷம் வாய் திறக்காதவர், இன்னும் இரண்டு வருஷத்தில் பணி ஓய்வு பெறுகிறவர். யாருக்கும் தெரியாது. ஆனால் அச்சகத்திலிருந்து மூன்றாம் அத்தியாயத்தின் திருத்தப் பிரதி வந்தபோது, 'மூடி திறக்கப்படாத நிலையில்' என்று தானே எழுதியிருந்த வரியை அவரால் தாண்ட முடியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு அரை நாள் அந்த ஒரு வரியிலேயே உட்கார்ந்திருந்தார். வெறும் தப்பாக இருந்தது, இனிமேல் பொய்யாகிவிடும். தெரிந்தே பொய் எழுதுவதற்காகவா இந்தப் பொட்டல் பொட்டலாக வெயிலில் காய்ந்தோம் என்று நினைத்தார். அழுகை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிறகு அச்சகத்துக்குத் தந்தி கொடுத்துப் புத்தகத்தை நிறுத்தினார்.

ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினார். இரண்டே பக்கம். ஜைனுதீனின் வெள்ளிக்கிழமைப் படத்தை, அழித்த கோட்டைத் திரும்ப மையில் ஏற்றி, அத்துடன் வைத்தார். அழிக்கச் சொன்னது தான்தான் என்றும் எழுதினார். மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். 'கூலியாளின் கவனக்குறைவால் நேர்ந்த கலப்பு' என்று ஒரு வரி போட்டுவிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆத்மநாதன் அதற்கு ஒப்பவில்லை. அங்கே கவனமாக இருந்த ஒரே ஆள் அவள்தான் என்று பதில் எழுதினார். 'கரட்டுப்பொட்டல் செவந்தி என்பவர் இறந்தவருக்கான கடமையாக இந்த வரகை இட்டார்' என்றே குறிப்பு அச்சானது. மதுரைக்கு வேறு ஒருவர் போனார். மாநாட்டுக் கடிதங்கள் நின்றன. எகிப்தைக் காட்டி உட்கார வைக்கப்பட்ட கிழவர் மட்டும், ஒரு தபால் அட்டையில், 'படித்தேன். நன்றி' என்று எழுதியிருந்தார்.

குறிப்பு வெளியான அன்றே ஆத்மநாதன் ரிஜிஸ்டரைத் திறந்தார். 'விலைமதிக்க முடியாதது' என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்து, 'மதிப்பற்றது, கழிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் ஒப்புதல் வந்தது. அவர் எழுதிய கடிதங்களில் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான்.

செவந்தி பஸ்ஸில் வந்தாள். குளித்து, துவைத்த சேலை கட்டியிருந்தாள். அலுவலகத்துக்குப் பின்னால் எலும்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். ஜைனுதீன் பதினேழாம் நம்பர் பெட்டியை இறக்கி மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் கொஞ்சம் எலும்பும் ஒரு தாடையும் இருந்தன.

"இதா அவுக?" என்றாள் செவந்தி, மெதுவாக. "ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளைம்மா. அம்பது வயசுக்கு மேல இருக்கும். பல்லப் பாரு, எவ்வளவு தேஞ்சிருக்கு."

"பல்லு தேஞ்சவுகளா?" அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் உமியோட போட்டுட்டேனே!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆத்மநாதன் கண்ணாடிக் குழாயின் அடைப்பைத் திறந்து, அதிலிருந்த வரகை ஒரு சின்ன டப்பாவில் கொட்டி அவளிடம் நீட்டினார். அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மூன்று தரம் தாடைக்குப் பக்கத்தில் போட்டாள். ஜைனுதீன் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுறீங்க?" என்று கேட்டார் ஆத்மநாதன்.

"இந்த வரகு தாழியோடது இல்ல, 1964-ல வச்சதுன்னு எழுதிப் பெட்டிக்குள்ள போடுறேன் சார். இல்லாட்டி இன்னும் அம்பது வருசம் கழிச்சு இன்னொருத்தரு வந்து புஸ்தகம் எழுதிப்புடுவாரு."

ஆத்மநாதனுக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரிப்பு வந்தது. சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்து, பெட்டியின் ஓரத்தில் வைத்தார். மூடியைப் போட நகர்ந்தார்.

"இருங்கய்யா" என்றாள் செவந்தி. டப்பாவில் இன்னும் கொஞ்சம் வரகு மிச்சம் இருந்தது. அதை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்களும் போடுங்க."

"நானா? நான் யாரும்மா அவங்களுக்கு?"

"பதிமூணு வருசத்துக்கு மேல நீங்கதானே வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? அவுகளுக்கு வேற யாரு இருக்கா?"

ஆத்மநாதன் செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வந்து, கையை நீட்டி வரகை வாங்கிக்கொண்டார்.